வீட்டுப்பாடமும் இரும்புக் கவசமும்

ஐந்தாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்தும்போதெல்லாம் ஒரே சந்தேகம்தான்: இந்த வீட்டுப்பாடம் யாருக்குப் பயன்படுகிறது? பாதி நோட்டில் அக்காவின் கையெழுத்து, மீதியில் டியூஷன் மிஸ்ஸின் விடை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பர் 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஏழாம் வகுப்பு முதல் தெரிந்த பலன் சின்ன வகுப்புகளில் அவ்வளவாகத் தெரியவில்லை.

நோட்டுகளை மூடிவிட்டு ராத்திரியில் நான் செய்வது வேறு வேலை. ஸ்கைரிம் கேமில் வரும் கவசங்களுக்கு டெக்ஸ்சர், அதாவது மேலே போர்த்தும் படம், போடுவது. (விளையாடுவது குறைவு என்றால் வீட்டில் நம்புவதில்லை.) நிறத்துக்கு ஒரு படம், மேடு பள்ளத்துக்கு இன்னொன்று. இந்த இரண்டாவது படம், அதாவது நார்மல் மேப், ஊதா கலந்த நீலமாக இருக்கும். உலோகம் எந்த இடத்தில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை அதிலுள்ள சிவப்பு, பச்சை, நீல அளவுகள்தான் சொல்கின்றன. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் எடுத்த படம் என்றால் பச்சையை மட்டும் தலைகீழாக்க வேண்டும்; ஸ்கைரிம் அதை எதிர்த்திசையில் படிக்கும். இல்லாவிட்டால் புடைத்து நிற்க வேண்டிய ஆணியெல்லாம் குழியாகத் தெரியும். துருவைக் கண்ட இடத்தில் பூசவும் முடியாது. விளிம்பு தேய்ந்து மின்ன வேண்டும், மடிப்பில் அழுக்கு சேர வேண்டும், பழைய பித்தளைக் குடம் மாதிரி.

இதையெல்லாம் யாரும் எனக்கு ஹோம்வொர்க்காகக் கொடுக்கவில்லை.

சரி, அடுத்த மாதம் எழுத்து வேலையைக் குறைத்து, வாசிப்பு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். "ஹோம்வொர்க்கே இல்லையா சார்?" என்று வரப்போகும் பெற்றோருக்குத்தான் பதில் இன்னும் தயாராகவில்லை.