வட்டைக் காவலுக்குப் பைனாகுலர்: பெருக்கம் குறைந்ததே நல்லது

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம், வட்டை (வயல்வெளி) முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். வெள்ளாமை குடலைக்கு (கதிர் உள்ளே உருவாகும் பருவத்துக்கு) வந்த நாள் முதல் சூடு அடித்து (கதிரடித்து) முடியும் வரை காவல்காரர் கண் வைத்திருப்பது அந்த விளிம்பில்தான். விளிம்பு மேற்கே இருக்கிறது. யானை இறங்குவது பொழுதுபடும் நேரம். ஆகவே ஒவ்வொரு நாளும் அந்திச் சூரியனுக்கு முகம் கொடுத்து, கறுத்துப்போன காட்டு நிழலுக்குள் சாம்பல் நிற உடம்பொன்றைத் தேட வேண்டும். பைனாகுலர் வாங்கப் போகிறவர் மனதில் வைத்திருக்க வேண்டியது இந்தக் காட்சியைத்தான். கடைக்காரர் கேட்கிற "எத்தனை மடங்கு வேணும்?" என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

மடங்கு கூடக் கூட நல்லது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில், கடை வாசலில் நின்று எதிர்ப்பக்கப் பெயர்ப்பலகையை வாசித்துப் பார்த்தால் அது சரிபோலத் தெரியும். அட்டாளையில் (காவல் பரணில்) ஏறி இருந்து, பொழுதுபட்டு பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதே கருவியில் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது.

காரணம் எளிய கணக்கு. பைனாகுலரில் 8×42 என்று எழுதியிருந்தால் 8 பெருக்கம், 42 முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கண்பக்கத்தால் வெளிவரும் வெளிச்ச வட்டத்தின் அகலம் அதுதான். இருட்டில் இளவயதுக்காரரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், ஐம்பது வயதைத் தாண்டினால் பலருக்கு 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். வெளிச்ச வட்டம் கண்மணியை விடச் சிறியதாக இருந்தால் மீதிக் கண்மணி சும்மா திறந்திருக்கிறது, காட்சி மங்குகிறது. 7×50 என்றால் 7.1 மி.மீ., 10×42 என்றால் 4.2. சந்தையில் ஆசைப்பட்டு வாங்கப்படும் 20×50இல் வெறும் 2.5. நடுப்பகலில் கண்மணியே சுருங்கியிருப்பதால் இந்த வித்தியாசம் தெரியாது. அந்தியில் அதுதான் எல்லாம்.

பார்வைப் பரப்பும் அப்படியே. நல்ல 8×42 ஒன்றில் 1,000 மீற்றர் தூரத்தில் சுமார் 130 மீற்றர் அகலம் தெரியும். 400 மீற்றரில் காடு என்றால் ஒரே பார்வையில் 52 மீற்றர் விளிம்பு. இருபது மடங்கில் அது 20 மீற்றர் சொச்சமாகச் சுருங்கிவிடும். நீங்கள் ஒரு பற்றையைப் பார்த்துக்கொண்டிருக்க, யானை பக்கத்துப் பற்றையால் இறங்கிவிடும். போதாததற்குக் கைநடுக்கமும் அதே இருபது மடங்கு பெருகும். முக்காலி இல்லாமல் பத்து மடங்குக்கு மேல் கையில் பிடித்துப் பார்ப்பது வீண் வேலை. என் முடிவு: மூத்தவர்களுக்கு 8×42, இளையவர் பாரம் பாராட்டாமல் சுமப்பாரென்றால் 7×50.

அடுத்தது ஏமாற்று. "30×60" என்று பெரிதாக அச்சடித்த, உள்ளங்கைக்குள் அடங்கும் பைனாகுலர்கள் சந்தைகளிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைக்கின்றன. உள்ளங்கைக்குள் 60 மி.மீ. வில்லை எப்படி அடங்கும்? ஓர் அடிமட்டத்தைக் கொண்டுபோங்கள். முதலில் முன்வில்லையின் விட்டத்தை அளவுங்கள். பிறகு கருவியைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சமான வானத்துக்கு நேரே காட்டினால் கண்பக்க வில்லைக்குள் ஒரு சிறு வெள்ளை வட்டம் மிதக்கும். அதையும் அளவுங்கள். முன்வில்லை 21 மி.மீ., வட்டம் 2.6 மி.மீ. என்றால் உண்மையான பெருக்கம் எட்டு. வானத்தை நோக்கும்போது சூரியன் இருக்கும் திசைப் பக்கமே திருப்ப வேண்டாம். பைனாகுலரால் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.

அந்த வட்டத்தை இன்னும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். விளிம்பு சீரான வட்டமாக இருந்தால் உள்ளே இருக்கும் பட்டகம் (ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி) நல்ல கண்ணாடி, பெரும்பாலும் பாக்-4 (BaK-4) வகை. ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டு, வட்டம் சதுரம்போலத் தெரிந்தால் மலிவான பிகே-7 (BK-7) வகை; ஓர வெளிச்சம் அங்கேயே தொலைகிறது. பிறகு முன்வில்லையைச் சாய்த்து அதில் விழும் குழல்விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பச்சை, ஊதாச் சாயலில் மங்கலாகத் தெரிந்தால் வில்லைக்குப் பூச்சு உண்டு. பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பத்துப் பரப்புகளைத் தாண்டும்போது மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தக்காளிப் பழம்போலச் சிவந்து மின்னும் வில்லைகளை விட்டுவிடுங்கள். அவை சிவப்பு ஒளியைக் கண்ணுக்கு விடாமல் திருப்பி அனுப்புகின்றன. அந்தியில் இருக்கும் கொஞ்ச வெளிச்சத்திலும் ஒரு பங்கு அதனால் வீணாகும்.

வாங்கியதும் கண்ணுக்குச் சரிசெய்யாமல் பயன்படுத்துகிறவர்கள் அதிகம். இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து ஒரே வட்டமாகத் தெரியும் நிலையைப் பிடியுங்கள். வலது முன்வில்லையை மூடி, இடக்கண்ணால் நூறு மீற்றரில் உள்ள யானை வேலிக் கம்பியை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண்பக்க வளையத்தை மட்டும் திருப்பி அதே கம்பியைத் தெளிவாக்குங்கள். இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். மூன்று பேர் மாறி மாறிக் காவல் இருக்கும் வாடியில் (காவல் குடிலில்) ஒரே பைனாகுலர் என்றால், அவரவர் வளைய நிலைக்கு வெவ்வேறு நிற நகப்பூச்சால் பொட்டு வையுங்கள். நடுச்சாமத்தில் கை மாறும்போது நேரம் மிச்சம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் கண்கிண்ணங்களை உள்ளே மடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரம் முழுவதும் கறுத்துவிடும்.

பெப்ரவரியில் எங்கள் பக்கம் மாலை 6.10 அளவில் சூரியன் மறையும். அடுத்த இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் பைனாகுலரின் நேரம். அதற்கு முன்பு, சூரியன் காட்டு உச்சியில் நிற்கும்போது வில்லைக்குள் பக்கவெளிச்சம் விழுந்து காட்சி முழுவதும் பால் கலந்ததுபோல் வெளுக்கும். வில்லையைச் சுற்றிக் கறுப்பு மட்டையால் நான்கு அங்குல நீளக் குழாய் செய்து மாட்டினால் பாதித் தொல்லை குறையும். அட்டாளைக் கூரையின் மேற்கு ஓரத்தைத் தாழ்த்திக் கட்டினால் இன்னும் நல்லது. முழங்கை இரண்டையும் குறுக்குக் கம்பில் ஊன்றுங்கள். கருவியை ஆட்டிக்கொண்டே தேடக் கூடாது. ஓரிடத்தில் ஐந்து விநாடி நிறுத்தி, பிறகு அரைப் பார்வை அளவு நகர்த்த வேண்டும். மங்கலில் நிறத்தையோ உருவத்தையோ தேடினால் ஏமாறுவோம், அசைவைத் தேடுங்கள். காட்டோரத்தில் நிற்கும் எருமையின் முதுகு தட்டையாக நீண்டு, தலை தாழ்ந்திருக்கும். யானையின் தலை உயர்ந்திருக்கும், காது ஓயாமல் அசையும். அந்தக் காதசைவு எட்டு மடங்கில் நானூறு மீற்றருக்கும் தெரியும். கைப்பேசித் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும், இருக்கிற கொஞ்சப் பொழுதும் அதில் வீணாகும்.

தூரத்தை மதிப்பிடக் கண்ணை நம்ப வேண்டாம், பைனாகுலர் எல்லாவற்றையும் கிட்டக் காட்டும். பகலில் வரம்பால் நடந்து 100, 200, 300 மீற்றரில் தடி நட்டு வெள்ளைச் சீலைத் துண்டு கட்டிவிடுங்கள். யானை மணிக்கு 25 கிலோமீற்றர் வரை ஓடும். நூறு மீற்றரைத் தாண்டப் பதினைந்து விநாடி. யானைவெடியை எப்போது கொளுத்துவது, எப்போது வாடியை விட்டு இறங்காமல் இருப்பது என்பதை அந்தச் சீலைகள்தான் சொல்லும்.

துவக்கில் (துப்பாக்கியில்) பூட்டும் குறைந்த பெருக்கத் தொலைநோக்கியை, 1-6×24 போன்றதை, இதற்குப் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். ஒளிக்கணக்கு அதற்கும் இதேதான்: ஆறில் வைத்தால் வட்டம் 4 மி.மீ., நாலுக்கு இறக்கினால் 6. ஆகவே வெளிநாட்டு வேட்டைக்காரர்களும் அந்தியில் பெருக்கத்தைக் குறைத்து வைக்கிறார்கள். ஆனால் துவக்குக் கண்ணாடியால் "அது என்ன?" என்று தேடுவதென்றால், இன்னதென்று தெரியாத ஒன்றை நோக்கிக் குழலை நீட்டுவது. காட்டோரத்தில் விறகுக்கும் தேனுக்கும் போனவர் திரும்பும் நேரமும் அதுதான். தேடுவதற்குப் பைனாகுலர் மட்டுமே. யானை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. காவல்காரரின் வேலை கண்டு, சத்தம் கொடுத்து, திருப்பி அனுப்புவது.

கருவியைக் கொல்வது எங்கள் காலநிலை. மாரி ஈரத்தில் வில்லைக்குள் சிலந்திவலைபோல் பூஞ்சணம் படரும். படர்ந்தால் பூச்சையே தின்றுவிடும். தோலுறைக்குள் பூட்டி அலுமாரியில் வைப்பதுதான் அதற்கு நல்ல விளைநிலம். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 100 கிராம் துணிப்பையில் போட்டு, கூடவே வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் பழைய தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும்; அந்தத் தாச்சியைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். அரிசிக்குள் புதைப்பது பயன் தராது, மாவும் அந்துப்பூச்சியும்தான் மிச்சம். கச்சான் காற்றுக் காலத்தில் தொல்லை தூசி. சாரன் முனையால் துடைத்தால் மணல் வில்லையைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு மென்தூரிகை, கடைசியில் வில்லைத் துணி.

அட்டாளையிலிருந்து விழுந்தால் உள்ளே பட்டகம் விலகும். சோதிப்பதற்கு, தூரத்துத் தென்னை ஒன்றைப் பார்த்தபடி கருவியை மெல்லக் கண்ணிலிருந்து பின்னுக்கு எடுங்கள். இரண்டு வட்டங்களிலும் ஓலை ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருந்தால் அரைமணி நேரத்தில் தலையிடி வரும். திருகாணியைக் கழற்றி வீட்டில் சரிக்கட்டப் போனால் இன்னும் கெடும். திருத்தக் கொடுக்கும் வரை, தெளிவில்லாத பக்கத்தை மூடியால் மூடி ஒற்றைக் கண்ணால் பாருங்கள்; காவல் நிற்காது.