மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்ன பிறகு

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்கு நான் தலைப்பைத் தேடி அலையவில்லை. தர்மபுரியில் பிரசவ வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம் ரத்தசோகையோடு வந்த பெண்களைப் பார்த்தவள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. 7-க்கும் கீழே போனால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, தினமும் ஒன்று என்று 180 நாளைக்கு. வாங்கிக்கொண்டும் போகிறார்கள். அப்புறம் ஏன் ரத்தம் ஏறவில்லை?

ஆய்வைத் தொடங்கும் முன் அதைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு என்றால் பலருக்கும் பயம். என் ஆய்வு செம்மையானதே அங்கேதான். ஒரு பிரிவுத் தாய்மார்களுக்கு மட்டும் மாத்திரை பற்றி விளக்க வகுப்பு என்பது திட்டம். குழுவில் இருந்த, மருத்துவம் சாராத ஒருவர், "இதில் பலன் உண்டென்றால் மற்ற அம்மாக்களுக்கு?" என்று கேட்டார். கடைசி அளவீடு முடிந்ததும் அவர்களுக்கும் அதே வகுப்பு என்று முடிவானது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல் அப்படி. நேரம் பிடிக்கும்தான், ஆனால் அதில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைக்கக் கூடாது.

முன்னோட்ட ஆய்வு பென்னாகரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். "தினமும் மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "போடறேங்க சிஸ்டர்." எதிரே நர்ஸ் உட்கார்ந்து கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? வழிகாட்டி மேடம் சொன்ன யோசனை எளிமையானது: வினாத்தாள் இருக்கட்டும், அடுத்த முறை வரும்போது அட்டைகளையும் எடுத்துவரச் சொல், எண்ணிப் பார்.

அடுத்த வாரம் ஒரு பெண் மஞ்சப்பையிலிருந்து அட்டைகளை எடுத்து வைத்தார். பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அவரே பேசினார். "போட்டா குமட்டுதுங்க. வெளிக்கி கருப்பா போவுது, கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயம். எங்க அத்தையும் வேணாங்கறாங்க." இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கருப்பாகப் போவது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்னொருவர் காட்டு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் டீயோடு விழுங்குகிறார். வேறொருவர் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து ஒரே வாயில் போடுகிறார். டீ, கால்சியம் இரண்டுமே இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். இரண்டு மாத்திரைக்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வகுப்பில் என்ன பேசுவது என்பது இந்தப் பேச்சுகளிலிருந்தே கிடைத்தது. குமட்டினால் ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் போடலாம், கூடவே எலுமிச்சைச் சாறு குடிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தோம். மாமியார்களையும் உட்கார வைத்தோம், அது ரொம்ப முக்கியம்.

புள்ளியியல் கணக்குக்கு உதவ ஆள் கிடைப்பார்கள், அதற்காகத் தயங்காதீர்கள். என் ஆய்வில், வகுப்பில் இருந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டது நன்றாகவே கூடியது. ஹீமோகுளோபினில் வித்தியாசம் சிறியதுதான். இரண்டையும் உள்ளபடியே எழுதினேன்.

ஆய்வேட்டை பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதோடு, முடிவுகளை ஒரே பக்கத்தில் எழுதி அந்த நிலையத்து கிராம சுகாதார செவிலியரிடமும் கொடுத்தேன். கர்ப்பிணிகள் வந்தால் அவர் இப்போது முதலில் அட்டையைத்தான் கேட்கிறார்.