பிரின்டரில் தொங்கிய காகிதம்

டெக்சாஸில் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது வழக்கறிஞருக்கு உதவியாளராக, எனக்கு இது ஒன்பதாவது வருடம். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் அலுவலகம். என் வேலை நேரத்தில் பாதி போலீஸ் வீடியோ பார்ப்பதிலேயே போய்விடும். ரோட்டில் வண்டியை நிறுத்தியதிலிருந்து கைவிலங்கு மாட்டியது வரைக்கும் எந்த நொடியில் என்ன நடந்தது என்று அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும். சட்டையில் மாட்டிய கேமராவும் வண்டிக்குள் இருக்கும் கேமராவும் ஒரே நேரத்தைக் காட்டாது, அதனால் கதவு சாத்தும் சத்தம் மாதிரி ஏதாவது ஒன்றை இரண்டிலும் தேடிப் பிடித்து, அங்கிருந்துதான் கணக்கைத் தொடங்குவேன்.

ஆரம்பத்தில் நான் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். மொத்தம் எத்தனை நிமிடம் நிறுத்தி வைத்தார்கள் என்பதை மட்டும் பெரிதாக எழுதிக் கொடுப்பேன். இருபது நிமிடம் என்றால் அதிகம், எட்டு நிமிடம் என்றால் பரவாயில்லை என்று நினைப்பு. எங்கள் அட்டர்னி, அதாவது வழக்கறிஞர், ஒரு நாள் என் அட்டவணையைத் திருப்பிக் கொடுத்து, "டிக்கெட் வேலை எப்போது முடிந்தது என்று இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். டிக்கெட் என்றால் போக்குவரத்து விதிமீறலுக்கு போலீஸ் எழுதிக் கொடுக்கும் சீட்டு. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது ரோட்ரிகஸ் வழக்கு. 2012 மார்ச்சில், நெப்ராஸ்காவில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், வண்டி சாலை ஓரத்துக்கு ஒதுங்கியது என்று ஒருவரை நிறுத்துகிறார்கள். லைசென்ஸ் பார்த்து, எழுத்து மூலம் எச்சரிக்கையும் கொடுத்து முடித்தாயிற்று. அப்புறமும் போகவிடவில்லை. இன்னொரு போலீஸ்காரர் வரும்வரை நிறுத்தி வைத்து, மோப்ப நாயை வண்டியைச் சுற்றி வரவிடுகிறார்கள். எச்சரிக்கை கொடுத்ததிலிருந்து நாய் போதை மருந்தை மோப்பம் பிடித்தது வரை ஏழெட்டு நிமிடம்தான். கீழ் நீதிமன்றங்கள், அவ்வளவு சின்ன தாமதம்தானே என்று விட்டுவிட்டன. 2015 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அது தப்பு என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்.

அவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். எந்தக் காரணத்துக்காக நிறுத்தினார்களோ அந்தக் காரியம் முடிகிற வரைதான் பிடித்து வைக்க அதிகாரம். லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ், வாரன்ட் இருக்கிறதா என்று பார்ப்பது, டிக்கெட் எழுதுவது எல்லாம் அந்தக் காரியத்தில் சேர்த்தி. போதை மருந்து தேடுவது சேர்த்தி இல்லை. டிக்கெட் எழுதிக்கொண்டிருக்கும்போதே நாய் வந்து சுற்றிவிட்டுப் போனால் தப்பில்லை என்று 2005-லேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் நாய்க்காக ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்தினாலும், குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய நியாயமான சந்தேகம் வேண்டும். அதோடு இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் முக்கியம்: காரியம் முடிந்த நேரம் மட்டும் இல்லை, நியாயமாக எப்போது முடிந்திருக்க வேண்டுமோ அந்த நேரமும் கணக்கில் வரும். மெதுவாக எழுதி நேரத்தை இழுக்க முடியாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு ஒரு வீடியோவில்தான் உறைத்தது. சிக்னல் போடாமல் லேன் மாறியதற்காக நிறுத்தியிருந்தார்கள். ஒன்பதாவது நிமிடம் நாற்பதாவது நொடியில், போலீஸ் வண்டிக்குள் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் சின்னப் பிரின்டர் கரகரவென்று சத்தம் போட்டு எச்சரிக்கைத் தாளை வெளியே தள்ளுகிறது. அதிகாரி அதைக் கிழிக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கிப் போய் எங்கிருந்து வருகிறாய், எந்த ஹோட்டலில் தங்கினாய், தங்கை எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்கத் தொடங்குகிறார். நடுவில் ஒரு முறை வண்டிக்குத் திரும்பி ரேடியோவில் நாயைக் கேட்கிறார், அப்போதும் அந்தத் தாள் அப்படியே பிரின்டரில் தொங்குகிறது, ஏசி காற்றில் நுனி மட்டும் ஆடுகிறது. நாய் வந்தது இருபத்தோராவது நிமிடம். அறிக்கையில் என்ன எழுதியிருந்தார் என்றால், எச்சரிக்கை தயாராகிக்கொண்டிருந்தது என்று. டிஸ்பாட்ச், அதாவது போலீஸ் ரேடியோவுக்குப் பதில் சொல்லும் கட்டுப்பாட்டு அறையின் பதிவை எடுத்துப் பார்த்தேன், வாரன்ட் எதுவும் இல்லை என்ற பதில் ஏழாவது நிமிடத்திலேயே வந்துவிட்டது. சந்தேகத்துக்குச் சொன்ன காரணம் பதற்றமாக இருந்தார், வண்டியில் வாசனை அட்டை தொங்கியது, அவ்வளவுதான். நீதிபதி தாள் வெளியே வரும் அந்தப் பத்து நொடிகளை மூன்று தடவை போடச் சொன்னார். பிறகு வண்டியில் கிடைத்தவற்றைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று உத்தரவு போட்டார்.

எப்போதும் இப்படி நடக்காது. ரோட்ரிகஸுக்கே கடைசியில் விடுதலை கிடைக்கவில்லை. அவரை நிறுத்திய காலத்தில் அந்தப் பகுதியில் இருந்த சட்டத்தை நம்பித்தான் போலீஸ் நடந்துகொண்டது என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. அவர் பெயரில் இருக்கும் சட்டம் மற்றவர்களைக் காப்பாற்றுகிறது, அவரைக் காப்பாற்றவில்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை.

போன மாதம் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் தெரிந்த ஒரு பையன் போன் செய்தான், இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறவன். ஹைவேயில் நிறுத்தி, சூட்கேஸ் எல்லாவற்றையும் ரோட்டோரத்தில் பிரித்துப் போட்டுத் தேடியிருக்கிறார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அரை மணி நேரம் நிறுத்தினார்கள், இது சட்டப்படி சரியா என்று கேட்டான். நான் முதலில் கேட்டது, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாரா என்றுதான்.

"லைசென்ஸ், வார்னிங் எல்லாம் கொடுத்துட்டாருக்கா. நான் கிளம்பப் போனேன். அப்புறம்தான், ஒரு கேள்வி கேட்கலாமா, வண்டியைப் பார்க்கலாமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"போலீஸ் கேட்கும்போது என்னக்கா சொல்றது? சரின்னு சொன்னேன்."

அந்தச் 'சரி'க்கு அவன் வைத்திருந்த அர்த்தம் எனக்குத் தெரியும். ஆனால் ரெக்கார்டிங்கில் அது சம்மதம். நீ போகலாம் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் போலீஸுக்கு இல்லை என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை அவனுக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "முடியாதுன்னு சொல்லியிருக்கலாமாக்கா?" என்று கேட்டான். சொல்லியிருக்கலாம் என்றேன்.