ரூசோவின் அந்தி வெளிச்சம்: படியெடுக்கும் வேலை எதுவரை வந்திருக்கிறது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயற்கைக்காட்சி ஓவியர் தியோடோர் ரூசோ, பாரிஸுக்கு அருகிலுள்ள ஃபோந்தேன்புளோ காட்டின் விளிம்பில் சூரியன் மறைவதை வரைந்த ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்து வருகிறேன். வானமும் மரங்களும் முடிந்தன, முன்நிலம் பாக்கி.

மூலப்படம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம்; என் கேன்வாஸ் அதில் கால்பங்குதான். 1836 முதல் பல ஆண்டுகள் சலோன் என்ற பாரிஸ் அரசு ஓவியக் கண்காட்சியின் நடுவர்கள் ரூசோவின் படங்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1848 புரட்சிக்குப் பின் வந்த குடியரசு அரசுதான் இந்தப் படத்தை வரையும் பணியை அவருக்குத் தந்தது. அதை நினைத்தாலே மனம் நிறைகிறது.

இருபுறமும் மரங்கள் தோரணம்போல் வளைந்து நிற்க, நடுவே சூரியன் தாழ்ந்திருக்கிறது. எதிரே குட்டை, மாடுகள். பார்த்தவுடன் வானம் முழுக்கத் தகதகப்பதாகத் தோன்றும். ஒரு வெள்ளைத் தாளில் சிறு துளையிட்டு, அச்சுப் பிரதியின்மேல் நகர்த்திப் பார்த்தேன். துளைக்குள் தெரிந்ததோ மங்கிய காவி! பளிச்சென்ற மஞ்சள் சூரியனை ஒட்டி மட்டும்தான். மீதி ஒளியெல்லாம் சுற்றியுள்ள இருட்டு கொடுத்தது. அதனால் மரங்களின் கருமையை முதலில் முடித்துவிட்டு, பிறகே வானத்துக்கு வெள்ளை கலந்தேன்.

அந்தக் கருமைக்கு அக்கால ஓவியர்கள் பலர் பிட்டுமென் என்ற தார்போன்ற கரும்பழுப்பு வண்ணத்தைப் பூசினார்கள். அது முழுதாக உலராது. காலப்போக்கில் வெடித்துக் கருத்துப்போகும். ரூசோவின் சில படங்களும் அப்படிக் கெட்டிருக்கின்றன. நான் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பில் அல்ட்ராமரைன் நீலம் கலந்து, டர்பன்டைன் விட்டு மெல்லியதாகப் பூசினேன். வானத்துக்கு மட்டும் கெட்டி வண்ணம். இலை விளிம்புகளில் ஒளி படும் இடத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பை உலர்ந்த தூரிகையால் தொட்டதும் மரத்துக்குப் பின்னால் சூரியன் வந்துவிட்டது. இந்த வேலையில் நான் மிகவும் ரசித்த நேரம் அதுதான்.

அந்தியை வெளியில் அமர்ந்து வரைவதானால் அரைமணி நேரத்துக்குமேல் எடுக்கக் கூடாது என்று பிரெஞ்சு ஓவியர் வலான்சியேன் 1800 வாக்கிலேயே எழுதிவிட்டார். ரூசோ அந்தக் கணத்தை ஓவியக்கூடத்துக்குக் கொண்டுவந்து, திரும்பத் திரும்பத் திருத்தியவர். அவருடைய இத்தகைய படங்களை, கணநேர ஒளியை விரைவாகத் தீட்டிய பிற்கால இம்ப்ரெஷனிச ஓவியப் பாணிக்கு முன்னோட்டம் என்று சொல்லிக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. மறையும் ஒளியை இத்தனை பொறுமையாகக் கட்டி எழுப்புவது தனிக் கலை.

மேற்பூச்சு உலர்ந்ததும் குட்டையின் பிரதிபலிப்பு, அதன்பின் மாடுகள். இதற்கு இணையாக ரூசோ வரைந்த காலைக்காட்சி லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் இருக்கிறது. அடுத்து அதைத்தான் எடுக்கப்போகிறேன்.