கோ பேக்!

ஆகஸ்டில் ஹெதர் என்ற புதர்ச்செடி பூத்து மலையே ஊதா நிறமாகிவிடும் என்று ஆளாளுக்குச் சொல்ல, நானும் மனைவியும் இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸ் மேட்டுநிலத்துக்குக் கிளம்பினோம். பிக்கரிங்கிலிருந்து விட்பி போகிற சாலையோரம் ஹோல் ஆஃப் ஹார்க்கம் என்றொரு ராட்சசப் பள்ளம். 120 மீட்டர் ஆழம். ஊற்றுநீர் அடிமண்ணை அரித்து அரித்து உண்டானதாம். ஊர்க்கதை வேறு: வேட் என்ற அரக்கன், சண்டையில் பெண்டாட்டிமேல் எறிய ஒரு கை மண் அள்ளிய இடம் இது.

“எறிஞ்சது பட்டுதா?” என்றாள்.

“குறி தப்பிடுச்சு. அந்த மண்தான் அதோ, பிளேக்கி டாப்பிங் குன்று.”

திருப்தியாக நடந்தாள்.

மரமே இல்லாத மேட்டில் முழங்கால் உயரத்துக்கு ஹெதர். கிட்டே குனிந்தால் தேன் வாசனை. பாதை சுற்றிக்கொண்டு போவதாக எனக்குப் பட்டது. “என்னங்க, வேண்டாம்” என்றாள். நான் குறுக்கே இறங்கினேன்.

பத்தடி போயிருப்பேன். காலடியிலிருந்து படபடவென்று ஒரு பறவை வெடித்துக் கிளம்பியது. சிவப்புக் குரௌஸ். கோழி அளவில் செம்பழுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் சிவப்புப் புருவம். தாழப் பறந்துகொண்டே “கோ-பேக், கோ-பேக், கோ-பேக்!” என்று கத்தியது. என் கற்பனை இல்லை. அதன் குரலை வெள்ளைக்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். 1928-ல் சைமன் கமிஷனைப் பார்த்து நம்மாட்கள் போட்ட கோஷம், வட்டியும் முதலுமாக என் தலையில் விடிந்தது.

அதன் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆகஸ்ட் 12-ல் குரௌஸ் வேட்டை தொடங்கிவிடும். நாங்கள் போனது 10-ம் தேதி. இரண்டு நாள் முன்னாடியே வந்துவிட்டான் பாவி என்று நினைத்திருக்கும்.

பறவையைப் பார்த்துக்கொண்டே அடுத்த காலைப் பளிச்சென்ற பச்சைப் பாசிமேல் வைத்தேன். தரை இல்லை. முழங்கால்வரை கறுப்புச் சேறு. இழுத்தேன்; கால் வந்தது, ஷூ வரவில்லை. மூக்கில் மட்டும் வெள்ளை பூசிய கருமுக ஆடு ஒன்று அசைபோட்டபடி இதையெல்லாம் நிதானமாகப் பார்த்தது.

“அந்தக் கோழி அப்பவே சொல்லுச்சு” என்றாள்.

முழங்கைவரை விட்டுத் துழாவி ஷூவை எடுத்தேன். கூடவே ஒரு கை நிறையச் சேறும் வந்தது. அவள் சட்டென்று இரண்டடி பின்னால் போனாள்.

“அந்த வேட் வேலையெல்லாம் இங்க வேண்டாம்!”