குடல் கதவும் ஒரு சிந்தெசிஸ்காரரும்

டோட்டல் சிந்தெசிஸ், அதாவது இயற்கைல இருக்கற சிக்கலான மூலக்கூறுகள லேப்ல அடிலருந்து கட்டற வேலை, பண்ணிட்டு இருந்த ஒரு ஆர்கானிக் கெமிஸ்ட் பாதில குடல், சிறுநீரகம்னு பேப்பர் போட ஆரம்பிச்சா எங்க வட்டாரத்துல ஒரு மாதிரியா தான் பாப்பாங்க. ஃபண்டிங் அங்க தான் இருக்கு, அதான் போயிட்டார்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. நானும் இண்டோல் ஆல்கலாய்டுல (செடிகள்ல வர்ற ஒரு வகை நைட்ரஜன் மூலக்கூறு) பிஎச்டி பண்ணிட்டு வேலை பெப்டைடு (அமினோ ஆசிட் கோத்த சங்கிலி) பக்கம் கிடைச்சு இப்ப நாள் முழுக்க ரெசின், எஃப்மாக், டிஎம்எஃப், பைப்பரிடின் நாத்தம்னு வாழ்றவன், அதனால இந்த ரெண்டு பக்கமும் கால் வச்ச ஆட்கள் மேல எனக்கு ஒரு தனி ஆர்வம். அதுல முக்கியமானவர் இங்கிலாந்துக்காரர் பேட்ரிக் பெய்லி. யார்க்ல ஆரம்பிச்ச வேலை, அப்புறம் மான்செஸ்டர், கீல்னு தொடர்ந்துச்சு. பேர் நிறைய பேருக்கு தெரியாது, நோபல் கீபல் எதுவும் இல்ல. ஆனா அவரோட பழைய பேப்பர், புது பேப்பர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சா ஆள் துறை மாறவே இல்லன்னு தான் எனக்கு தோணுது.

முதல்ல பழசு. டிரிப்டோஃபான்ங்கற அமினோ ஆசிட எடுத்து ஒரு ஆல்டிஹைடோட சேத்தா பிக்டெட்-ஸ்பெங்ளர் ரியாக்‌ஷன்ல ஒரு புது வளையம் மூடிக்கும், எங்க பிஎச்டில பாதி வாழ்க்கை இதுல தான் போச்சு. வளையம் மூடும்போது ரெண்டு குரூப் ஒரே பக்கம் நிக்கலாம், அது சிஸ், இல்ல எதிரெதிர் பக்கம் நிக்கலாம், அது டிரான்ஸ். சாதாரணமா ரெண்டும் கலந்து வரும், அப்புறம் சிலிகா காலம்ல உக்காந்து பிரிச்சுக்கிட்டே இருக்கணும், டிஎல்சில (பிரிஞ்சிருக்கான்னு பாக்கற சின்னத் தகடு) ரெண்டு ஸ்பாட்டும் ஒட்டிக்கிட்டு உயிர வாங்கும். அமெரிக்கால மில்வாக்கில ஜேம்ஸ் குக் குரூப் இத டிரான்ஸ் பக்கம் தள்ற வழிய கண்டுபிடிச்சாங்க, நைட்ரஜன்ல ஒரு பென்சைல போட்டு, தெர்மோடைனமிக்கா நிலையான பொருளுக்கு போக விடுறது. பெய்லி குரூப் 1987ல நேர் எதிரா போனாங்க, டிரிப்டோஃபான்ல இருந்து செஞ்ச நைட்ரைல வச்சு, கைனெடிக் கண்ட்ரோல்ல, அதாவது எது வேகமா உருவாகுதோ அதையே பிடிச்சு, கிட்டத்தட்ட முழுக்க சிஸ். அத வச்சு சுவாவியோலின், ராமாக்ளின்னு ராவுல்ஃபியா இன ஆல்கலாய்டுகள பின்னாடி செஞ்சாங்க. ராவுல்ஃபியான்னா நம்ம சர்ப்பகந்தி இருக்கிற அதே இனம் தான், ரெசர்பின்ங்கற ரத்த அழுத்த மருந்து வர்ற செடி.

சரி, இதுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்? அதுக்கு முன்னாடி கொஞ்சம் குடல் கதை சொல்லணும்.

ரொம்ப நாளா பாடப்புத்தகத்துல இருந்தது என்னன்னா, புரதம் சாப்பிட்டா அது தனித்தனி அமினோ ஆசிடா உடைஞ்சு தான் ரத்தத்துக்கு போகும்னு. 1960 வாக்குல இங்கிலாந்துல நியூவே, ஸ்மித்னு ரெண்டு பேர் டைபெப்டைடு, அதாவது ரெண்டு அமினோ ஆசிட் சேந்த துண்டு, முழுசாவே குடல் செல்லுக்குள்ள போயி அங்க தான் உடையுதுன்னு காட்டினாங்க. இதுக்கு எனக்கு பிடிச்ச சாட்சி ஹார்ட்னப் நோய். அந்த நோயாளிகளுக்கு டிரிப்டோஃபான் மாதிரி சில அமினோ ஆசிட் தனியா குடுத்தா குடல் சரியா உறிஞ்சாது, அதையே டைபெப்டைடா குடுத்தா உள்ள போயிடும். ரெண்டுக்கும் வேற வேற கதவு, அதாவது சரக்க செல்லுக்குள்ள கொண்டு போற டிரான்ஸ்போர்ட்டர் புரோட்டீன், இருக்குன்னு இதவிட தெளிவா சொல்ல முடியாது.

இங்க நம்ம ஊர் வருது, இது நிறைய பேருக்கு தெரியாத விஷயம். 1970கள்ல வேலூர் சிஎம்சில ஏ. என். ராதாகிருஷ்ணன் லேப்ல குரங்கு குடல்லயும் மனுஷக் குடல்லயும் இதே வேலைய பண்ணிட்டு இருந்தாங்க, 1975ல வந்த பேப்பர்லயே பலவகை டைபெப்டைடுகள எடுத்துக்கிற ஒரே சிஸ்டம் இருக்குன்னு எழுதிட்டாங்க. அந்த லேப்ல இருந்து அமெரிக்கா போன வடிவேல் கணபதி, ஜார்ஜியா மாநிலத்துல ஆகஸ்டால லைபாக் கூட சேந்து 1980களோட ஆரம்பத்துல முயல் குடல் மெம்பரேன (செல் சவ்வு) வச்சு பண்ண வேலை தான் இந்த ஃபீல்டையே திருப்பிச்சு. குளுக்கோஸ் மாதிரி பெப்டைடும் சோடியத்த பிடிச்சுக்கிட்டு தான் உள்ள வரும்னு எல்லாரும் நெனச்சுட்டு இருந்தப்ப, சோடியம் இல்ல, புரோட்டான் (ஆசிட்ல இருக்கற ஹைட்ரஜன் அயனி) தான் இழுத்துட்டு போகுதுன்னு காட்டினாங்க. குடல் சுவர ஒட்டின இடம் லேசா ஆசிடா இருக்கறதுக்கு இப்படி ஒரு உபயோகம். அப்புறம் 1994ல ஹெடிகர் குரூப்பும் இவங்களும் சேந்து முயல் குடல் எம்ஆர்என்ஏவ ஆப்பிரிக்கத் தவளை முட்டைக்குள்ள ஏத்தி அந்த கதவோட ஜீனயே பிடிச்சாங்க, அது தான் பெப்-டி 1. மனுஷ வெர்ஷன் 708 அமினோ ஆசிட், மெம்பரேன 12 தடவ குறுக்க தாண்டுது.

இந்த புரோட்டீன் பண்றத யோசிச்சு பாருங்க. 20 அமினோ ஆசிட்ல 400 டைபெப்டைடு, 8000 டிரைபெப்டைடு சாத்தியம், கிட்டத்தட்ட எல்லாத்தையும் உள்ள விடுது, ஆனா ஒத்த அமினோ ஆசிட விடாது, நாலு சேந்ததையும் விடாது. செஃபலெக்சின், செஃபட்ராக்சில் மாதிரி ஆன்டிபயாடிக் எல்லாம் இதே வழியா தான் போகுது, அதனால தான் அத மாத்திரையா முழுங்க முடியுது. என்சைம் வேலை பண்றவங்களுக்கு நானோமோலார்னு, அதாவது ரொம்ப இறுக்கமான பிடிப்புன்னு, கேட்டே பழக்கம், இங்க எல்லாம் மில்லிமோலார் தான், பிடிப்பு லூசு, ஆனா சரக்கு ஏகத்துக்கு போகும்.

இப்ப பிரச்சனை என்னன்னா 1990கள்ல இதோட ஸ்ட்ரக்சர் யார்கிட்டயும் கிடையாது. மெம்பரேன் புரோட்டீன், ஸ்ட்ரக்சர் பாக்க வேண்டிய கிரிஸ்டல் லேசுல வராது. அப்ப உள்ள என்ன வடிவம் இருக்குன்னு எப்படி தெரிஞ்சுக்கறது? விதவிதமா மூலக்கூறு செஞ்சு அனுப்பி, எது போகுது எது நிக்குதுன்னு பாக்கறது தான் ஒரே வழி. அத செய்ய ஒரு சிந்தெசிஸ்காரர் வேணும், ஒரு கார்பன் எந்தப் பக்கம் நிக்குதுங்கறதுக்காக வருஷக்கணக்கா மல்லுக்கட்டின ஆள் வேணும். ஆக்ஸ்ஃபோர்டு ஃபிசியாலஜில பாய்ட், மெரிடித், யார்க்ல பிராங்க், இவங்களோட பெய்லி சேந்தது அப்படித்தான்.

அவங்க 1998ல பண்ண ஒரு ஜோடி பரிசோதனை இருக்கு, என்னைக் கேட்டா அது அவரோட எந்த ஆல்கலாய்டு சிந்தெசிஸையும் விட அழகு. 4-அமினோஃபீனைல்அசிட்டிக் ஆசிட், ஒரு பென்சீன் வளையம், ஒரு முனைல அமினோ, மறு முனைல ஒரு சிஹெச்2 வழியா கார்பாக்சில். இதுல பெப்டைடு பாண்டே கிடையாது. பெப்டைடு டிரான்ஸ்போர்ட்டர்னு பேர் வச்ச ஒண்ணு இத உள்ள கொண்டு போகுது! அடுத்தது 4-அமினோமெத்தில்பென்சாயிக் ஆசிட். அதே அணுக்கள், அதே 151 மூலக்கூறு எடை, அந்த சிஹெச்2 மட்டும் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிருக்கு. இது கதவுல போயி நல்லா உக்காருது, வர்ற பெப்டைட தடுக்குது, ஆனா உள்ள போகவே மாட்டேங்குது. (பாராசிட்டமாலும் இதே ஃபார்முலா தான், சும்மா சொல்றேன்.)

சாதாரண போட்டி பரிசோதனைல, அதாவது லேபிள் போட்ட (கண்டுபிடிக்க அடையாளம் வச்ச) பெப்டைடோட சேத்து விட்டு அதோட வேகம் குறையுதான்னு மட்டும் பாத்தா, இந்த ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியும். ரெண்டுமே தடுக்கும். வித்தியாசம் பிடிக்க வேற வழி வேணும், லேபிள் போட்ட பெப்டைட தவளை முட்டைக்கு உள்ள முன்னாடியே வச்சிட்டு வெளிய நம்ம மூலக்கூற போடறது. அது நிஜமாவே உள்ள போகுதுன்னா டிரான்ஸ்போர்ட்டர் திரும்பித் திரும்பி சுத்தும், அந்த சுத்துல உள்ள இருக்கற லேபிள் வேகமா வெளிய வரும். சும்மா உக்காந்திருந்தா வராது. டிரான்ஸ்-ஸ்டிமுலேஷன்னு பேரு.

இது எல்லாத்தையும் சேத்து 2000ல ஆங்கவாண்டிங்கற கெமிஸ்ட்ரி ஜர்னல்ல ஒரு டெம்ப்ளேட் போட்டாங்க, அமினோ முனைக்கு ஒரு பிடிப்பு, முதல் கார்பனைலுக்கு ஒரு ஹைட்ரஜன் பாண்ட், கார்பாக்சிலுக்கு ஒரு இடம், பக்கச் சங்கிலிக்கு எண்ணெய் பிடிச்ச ஒரு பாக்கெட்னு. ஸ்ட்ரக்சர் பாக்காம போட்ட மேப். ஹாலேல ஜெர்மன் குரூப் ஒண்ணு 1998லயே இன்னொரு துண்ட பிடிச்சிருந்தாங்க, அலனின்-புரோலின்ல இருக்கற கார்பனைல் ஆக்சிஜன எடுத்துட்டு சல்ஃபர் போட்டா அந்த பாண்ட் சுத்தறது ரொம்ப மெதுவாயிடும், சிஸ் டிரான்ஸ் ரெண்டையும் தனித்தனியா டெஸ்ட் பண்ணலாம், அதுல டிரான்ஸ் மட்டும் தான் உள்ள போச்சு. மறுபடியும் சிஸ் டிரான்ஸ்! 2011ல ஒரு பாக்டீரியாவோட டிரான்ஸ்போர்ட்டர் கிரிஸ்டல் ஸ்ட்ரக்சர் வந்துச்சு, 2021ல ஹாம்பர்க் குரூப் மனுஷ பெப்-டி 1யே கிரையோ-இஎம்ல (உறைய வச்சு பாக்கற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பாத்துட்டாங்க. முனைகளப் பிடிக்க ஒரு பக்கம் குளூட்டமேட், இன்னொரு பக்கம் ஆர்ஜினின்.

சல்ஃபர் விஷயத்துக்கு வரேன், ஏன்னா எனக்கு அது தான் கைவேலை. சாதா டைபெப்டைட குடல்ல விட்டா பெப்டிடேஸ்ங்கற என்சைம் வெட்டிப் போட்டுடும், ஆக்சிஜனுக்கு பதிலா சல்ஃபர் வச்ச தயோபெப்டைடு தாக்குப்பிடிக்கும், டிரான்ஸ்போர்ட்டருக்கும் அது பிடிக்கும். செய்யறதுக்கு லாவெசன் ரீஏஜென்ட் வேணும், அந்த நாத்தம் சட்டையோட வீட்டுக்கு வரும், ஹூட்குள்ள பிளீச் வாளி இல்லாம அந்தப் பக்கம் போகவே கூடாது. பெய்லி குரூப் இந்த தயோடைபெப்டைட ஒரு வண்டியா வச்சு, அதுல மருந்த தொங்கவிட்டு உள்ள அனுப்பற வழி தேடினாங்க, 2009ல நாபுமெட்டோன் மாதிரி கீட்டோன் மருந்துகள ஒட்டிப் பாத்தாங்க. ஐடியா நல்ல ஐடியா தான். ஆனா இதே வழில ஜெயிச்ச பெரிய மருந்து வாலசைக்ளோவிர் (ஹெர்பிஸ் வைரஸுக்கு), அது இந்தக் கதவ மனசுல வச்சு டிசைன் பண்ணி வந்தது இல்ல. ஏசைக்ளோவிர் மாத்திரையா போட்டா 10ல இருந்து 20 சதவீதம் தான் ரத்தத்துக்கு போகும், அதுல பல அமினோ ஆசிட்ட எஸ்டரா ஒட்டிப் பாத்ததுல வேலின் ஜெயிச்சு 54 சதவீதம் ஆச்சு, 1995ல மார்க்கெட்டுக்கும் வந்துடுச்சு, அது பெப்-டி 1 வழியா தான் போகுதுன்னு காட்டினது 1998ல. அதுலயும் பெப்டைடு பாண்ட் இல்லங்கறத கவனிங்க.

இப்பவும் கான்ஃபரன்ஸ் போஸ்டர்ல எங்க மூலக்கூறு பெப்-டி 1 சப்ஸ்ட்ரேட்டு, அதாவது அது வழியா உள்ள போறதுன்னு பெருசா போட்டிருப்பாங்க, கீழ டேட்டா பாத்தா வெறும் போட்டி கர்வ் மட்டும் இருக்கும். டிரான்ஸ்-ஸ்டிமுலேஷன் பண்ணீங்களாம்மான்னு கேட்டா அந்த ஸ்டூடண்ட் பாவம் கைடு மூஞ்சிய பாக்கும். கைடு டீ குடிக்க போயிடுவார்.