14–18

வட பிரான்சின் சொம் பகுதியில் குடிநீர்க் குழாய் பதிக்கும் பணியில் மேற்பார்வையாளனாக இருந்த காலத்தில், 'முதல் உலகப் போர்' என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பொக்லைன் ஓட்டுநர் முதல் ஊர் மேயர் வரை எல்லோருக்கும் அது 'காத்தோர்ஸ் திசுயித்', அதாவது 14–18. நூற்றாண்டு நினைவுப் பதாகைகளில் மட்டும் 'மாபெரும் போர்' என்று எழுதியிருந்தது. அது சுற்றுலாக்காரர்களுக்கு வைத்த பெயர் என்பது என் கட்சி.

அங்கே மண்ணைத் தோண்டிப் பிழைப்பவர்களுக்கு அந்தப் போர் இன்னும் வேலைத் தடங்கல்தான். 1916 ஜூலை 1 அன்று தாக்குதல் தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்தில் பிரிட்டிஷார் மட்டும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தார்கள். வெடிக்காமல் புதைந்தவை ஏராளம். உறைபனியும் உழவும் அவற்றை இன்றும் மேலே தள்ளிக்கொண்டிருக்கின்றன. கண்டெடுக்கும் விவசாயிகள் சிலர் வயலோரத்து மின்கம்பத்தடியில் சாத்தி வைத்துவிட்டுப் போவார்கள்; கூடாது என்று அரசு சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

எங்கள் பள்ளத்திலும் ஒன்று வந்தது. காந்தக் கருவியால் தடத்தை முன்பே சோதித்திருந்தும், பக்கச் சுவர் சரிந்தபோது வெளிப்பட்டது. களிமண் அப்பி, பெரிய மரவள்ளிக்கிழங்கு போலக் கிடந்தது. அடிப்பக்கத்துச் செம்பு வளையத்தில் மட்டும் பச்சைக் களிம்பு. ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தி, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்தார். காவலர்களுக்குத் தகவல் போயிற்று. பிறகு குண்டு அகற்றும் அரசுப் பிரிவினர் வந்தார்கள். உள்ளே இருப்பது வெடிமருந்தா, விஷவாயுவா என்பதே அவர்களுடைய முதல் கவலை.

காத்திருந்த நேரத்தில் ஊர் நடுவில் இருந்த நினைவுத்தூணைப் படித்தேன். சின்னஞ்சிறு ஊர். ஆனாலும் 14–18 பட்டியல் தூணின் முகப்பை அடைத்துக்கொண்டிருந்தது; ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வந்தது. 1939–45இல் இறந்தவர்களுக்குக் கீழே சிறு பலகை ஒன்றுதான். முதற்போரில் பிரான்ஸ் சுமார் 14 லட்சம் வீரர்களை இழந்தது என்று பள்ளியில் படித்த கணக்கு, அங்கேதான் எனக்கு உறைத்தது.

தாமத அறிக்கையில் 'பழைய வெடிபொருள்' என்று எழுதி அனுப்பினேன். எந்தப் போரின் குண்டு என்று பாரிஸ் தலைமை அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். மேஸ்திரிக்கு அது கேள்வியாகவே படவில்லை. "இங்கே வேறு எது கிடைக்கும்?" என்று முணுமுணுத்துவிட்டு, ஊரின் மறுகோடியில் இருந்த பள்ளத்துக்கு ஆட்களை அனுப்பப் போய்விட்டார்.